விளையாட்டுப் பாட்டை ஆட்டத்தோடு எழுதி வைக்கும் முறை

பாட்டு வரிகளை மட்டும் எழுதி வைத்தால் அதைக் கொண்டு எந்தப் பிள்ளையும் விளையாட முடியாது. எந்த அசையில் கல் மேலே போகிறது, யார் முதலில் எடுக்கிறார், பிடிபட்டவள் எங்கே போய் நிற்கிறாள் என்பதெல்லாம் வரிக்கு வெளியே கிடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் தட்டாங்கல், கும்மி போன்ற ஆட்டங்களை ஆடி வளர்ந்த ஆச்சிமார் இருக்கும்போதே பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

"ஆச்சி, ஒரு பாட்டுப் படிங்க" என்று போய் நின்றால் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் பதில் வரும். கையில் தட்டாங்கல்லைக் கொடுங்கள்; ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரைக்கல்லை வாரிப் பிடிக்கும் ஆட்டம் அது. கொட்டைப்பாக்கு அளவில் ஐந்து கல். முழு உருண்டையாக இருந்தால் தரையில் ஓடிவிடும், ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கட்டும். கை ஆடத் தொடங்கினால் வாய் தானாக வரும். ஒருவரைத் தனியாக உட்கார வைக்கவும் கூடாது. பல ஆட்டப் பாட்டுகளில் ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்வார். தனி ஆளிடம் பாதிதான் கிடைக்கும். ஒரே வளவில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார்.

நேரம் பார்த்துப் போங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களிடம் கட்டு ஒப்படைக்கும் முன்னால் போனால் பாட்டு வரும், ஆட்டம் வராது. கை வேலையில் இருக்கும். ஆற்றங்கரை ஊர்களில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் நடவு நடக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் வைத்துப் பாடச் சொல்லாதீர்கள். கோயில் கொடைவிழாவில் அம்மன் முன்னால் மட்டுமே பாடுவது என்று ஒரு கும்மியைச் சொன்னால், அதோடு விட்டுவிட வேண்டும்.

பதிவுக்குப் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, பாடுபவரிடமிருந்து ஒரு முழத்தில், நாலாக மடித்த துண்டின்மேல் வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் கல் விழும் ஒவ்வொரு தட்டும் போனுக்குள் இடியாக இறங்கி, பாட்டை அமுக்கிவிடும். ஃபேன் சத்தமும் அப்படியே. சித்திரை வெயிலில் ஆச்சியை ஃபேன் இல்லாமல் உட்கார வைப்பது பாவம். திண்ணையோ வேப்பமர நிழலோ நல்லது. காற்று அடித்தால் மைக் இருக்கும் பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள்.

தொடக்கத்திலேயே தேதி, ஊர், பாடுபவர் வயது ஆகியவற்றைப் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் இரண்டையும் கேளுங்கள். "சின்னப்பிள்ளையில எந்த ஊர்ல படிச்ச பாட்டு இது ஆச்சி?" என்ற ஒரு கேள்வி பல குழப்பத்தைத் தீர்க்கும். அம்பாசமுத்திரத்தில் கேட்ட பாட்டு, கோவில்பட்டிக் கரிசலிலிருந்து கல்யாணமாகி வந்தவரோடு வந்ததாக இருக்கலாம்.

ஒரே பாட்டை மூன்று முறை வாங்குங்கள்: ஆடிக்கொண்டே ஒன்று, ஆட்டமில்லாமல் ஒன்று, கடைசியாக நிறுத்தி நிறுத்தி ஒன்று. முதலிலேயே மெதுவாகப் பாடச் சொன்னால் தாளம் குலைந்து, பிறகு வேகத்துக்கு வராது.

எழுதும்போது வாயில் வந்தபடியே எழுத வேண்டும். இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் வரிசையாகக் குனிந்து போகும் ஆட்டத்தில் "ஒரு குடம் தண்ணி ஊத்தி" என்று வரும். அதைத் திருத்தி "தண்ணீர் ஊற்றி" என்று எழுதினால் 'ணீ' இழுக்கிறது, அடி நீள்கிறது, வரிசையில் போகும் கால் தடுமாறுகிறது. பொருள் இல்லாத சொற்களையும் தொடாதீர்கள். தாளத்தைத் தாங்குவது பல இடங்களில் அவைதான். காதில் சரியாக விழாததைக் கேள்விக்குறி போட்டு வையுங்கள். பக்கத்து ஊரில் வேறு மாதிரிப் பாடினால் அதைத் தனிப் பாட்டாக எழுதுங்கள். இரண்டையும் ஒட்டி 'முழுப் பாட்டு' செய்தால் அப்படி எந்த ஊரிலும் யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆட்டத்துக்கு ஒரு வரி விடுங்கள். தட்டாங்கல்லுக்கு 'மே' என்றால் கல் மேலே, 'வா' என்றால் தரைக்கல்லை வாருவது, 'பி' என்றால் பிடிப்பது. முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, இரண்டாவதில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் மூன்றும் ஒன்றும், நாலாவதில் நாலையும் சேர்த்து என்பது பரவலான முறை. ஆச்சி ஆடுவது வேறாக இருந்தால் அதுவே சரி. கல் போகும் உயரத்தையும் எழுதுங்கள். உட்கார்ந்தவர் நெற்றி அளவுக்குப் போகவேண்டிய கல்லைப் பிள்ளைகள் இன்னும் உயரே எறிந்தால், அது இறங்குமுன் பாட்டு முடிந்து கை காத்திருக்கும். பிறகு கல் தவறும்.

கும்மியில் பெரும்பாலும் அடிக்கு ஏழு சீர். நாலு, பிறகு மூன்று; எட்டாவது இடத்தில் சொல் இல்லை, கைத்தட்டு மட்டும். எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த வெற்றிடத்தைத்தான். அது இல்லாத தாளைப் பார்த்துப் பாடும் பிள்ளைகள் மூச்சு வாங்க இடமில்லாமல் அடுத்த அடிக்குள் பாய்ந்துவிடுவார்கள். எந்தச் சீரில் குனிகிறார்கள், எதில் நிமிர்கிறார்கள், வட்டம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் குறியுங்கள்.

கேலி வரிகளில் சாதிப் பெயரோ, உள்ளூர்க் குடும்பப் பெயரோ வந்தால் நோட்டில் மட்டும் இருக்கட்டும். ஊர்க்காரர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) நாட்டார் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியதால்தான் பல பாட்டு இன்று கைக்குக் கிடைக்கிறது. உங்கள் பிரதி ஒன்றைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் வாங்கிக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எழுதி முடித்ததும், இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத ஏழெட்டுப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் தள்ளி உட்காருங்கள். அவர்கள் எங்கே தடுமாறி நிற்கிறார்களோ, அங்கே உங்கள் எழுத்தில் குறை. அநேகமாக அது வரியில் இருக்காது. கல் தவறினால் அடுத்து யாருக்கு, அவுட்டானவள் திரும்ப வரலாமா என்பதில்தான் சண்டை வரும். அந்தக் கேள்விகளோடு ஆச்சியிடம் இன்னொரு முறை போய், பதிலைப் பாட்டின் தலைப்புக்கு அடியிலேயே எழுதிவிடுங்கள்.