ஈ-ரேயா, இசட்06-ஆ? முதலில் மழையைப் பாருங்கள்

கோர்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி வந்துவிட்ட நண்பர் ஒருவர், அதன் இந்த இரண்டு வகைகளில் எதை எடுப்பது என்று கொழும்பு வெள்ளவத்தையில் பிளேன்டி குடித்தபடி கேட்ட கேள்வி இது. ஈ-ரே 655 குதிரைவலு, இசட்06 670. அந்தப் பதினைந்துக்காக மண்டையை உடைக்க வேண்டாம். டயரைப் பாருங்கள்.

இசட்07 என்ற மேலதிகப் பொதியோடு வரும் இசட்06-இன் கப் 2 ஆர் டயர் பந்தயத் தடத்துக்கானது, சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஒக்டோபர் பின்னேர மழையில் கொழும்பின் காலி வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது அது வழுக்கும். ஈ-ரேயில் பின்னால் 6.2 லீற்றர் வி8 தள்ள, முன் சக்கரங்களை மின்மோட்டார் இழுக்கும். நான்கு சக்கரமும் உந்துவதால் ஈரத்தில் பிடி கூடும். பற்றரி ஓட்டத்திலேயே ஏறும், பிளக் கிடையாது. ஆனால் அது வெறும் 1.9 கிலோவாட் மணிதான். பெற்றோல் மிச்சம் என்று கனவு காணாதீர்கள். விடியற்காலையில் எஞ்சினைத் தொடாமல் மின்சாரத்தில் மட்டும் ஓடி, பக்கத்து வீட்டு ஆச்சியை எழுப்பாமல் ஒழுங்கையைவிட்டு நழுவ அது போதும்.

சரி, இசட்06 யாருக்கு? நிமிடத்துக்கு 8,600 சுற்றில் அலறும் அந்த 5.5 லீற்றர் எஞ்சினுக்காக, தடத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு. நமது அதிவேகப் பாதையில் வேக எல்லை மணிக்கு 100 கி.மீ.தானே. நண்பருக்கு ஈ-ரே என்றேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.