பாடுகளைப் பற்றிய வசனங்களில் நாம் சறுக்கும் இடங்கள்

வேதத்தில் வரும் யோபு, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் விழுந்த நீதிமான். அவனுடைய நண்பர்கள் முதலில் செய்தது சரியான காரியம். செய்தி கேட்டதும் புறப்பட்டு வந்தார்கள், சத்தமிட்டு அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலாம் அதிகாரத்தில் அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் வாயைத் திறந்தான்: “குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?” அங்கேதான் எல்லாம் கெட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலிப்பாஸ் பேசியது எல்லாமே பொய் அல்ல. ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே தேவன் பிடிக்கிறார் என்ற அவன் வார்த்தையைப் பவுலே 1 கொரிந்தியர் 3:19-ல் எடுத்து எழுதுகிறார். ஆனாலும் கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவன்மேலும் அவன் சிநேகிதர் இருவர்மேலும்தான். உண்மையான வாக்கியத்தையே தப்பான ஆள்மேல், தப்பான நேரத்தில் வைக்க முடியும். பாடுகளைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நோய் வந்தவரிடம் “ஏதாவது பாவம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்” என்பது இதன் பச்சையான வடிவம். யோவான் 9-ல் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் அதைத்தான் கேட்டார்கள், அவனுடைய பாவமோ பெற்றோரின் பாவமோ காரணமல்ல என்று இயேசு மறுத்துவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். பாடு என்றாலே தண்டனை என்ற கணக்குக்கு இத்தனை தெளிவாகப் பதில் இருந்தும், நாம் அதே கணக்கைப் போடுகிறோம்.

அடுத்தது வாக்குத்தத்தங்களைத் தனியே பிடுங்கி எடுப்பது. உங்களைக் குறித்த என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐ வாழ்த்து அட்டையில் போடுகிறோம். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வாசிக்கக் கேட்டவர்களில் பலர் திரும்பிவராமல் அங்கேயே இறந்திருப்பார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று கர்த்தர் சொன்னார். “சீக்கிரம் எல்லாம் மாறும்” என்று அந்த வசனத்தை வைத்து உறுதி கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

எனக்கு மிகவும் வலிப்பது சிலுவையைப் பற்றிய போதனையில் நடக்கும் தவறு. வீட்டில் அடிபடும் ஒரு பெண் உதவி கேட்டு வருகிறார். “இது உங்கள் சிலுவை, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். லூக்கா 9:23-ல் சிலுவையை எடுக்கிறவன் தானே எடுக்கிறான். இயேசுவும் தம் ஜீவனைக் குறித்து, ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்றார். நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது அவர் கூட்டத்தின் நடுவே கடந்து போய்விட்டார். வேளை வராத சாவுக்கு அவர் நின்று கொடுக்கவில்லை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினான், அன்று இரவே தப்பி ஓடினான். பவுலை வாரினால் கட்டினபோது, விசாரிக்கப்படாத ரோமனை அடிக்கலாமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டு அடியை நிறுத்தினார். இவர்களில் யாரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று வேதம் சொல்லவில்லை. அநியாயமாய்ப் பாடுபட்டாலும் பொறுமையாய்ச் சகிக்கச் சொல்லும் 1 பேதுரு 2:18-20 தப்பிக்க வழியே இல்லாத வேலைக்காரருக்கு எழுதப்பட்டது. வழி இருக்கிறவரைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்துவது அநியாயம். அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம். அப்புறம் ஜெபம், ஆலோசனை எல்லாம்.

தியாகத்திலும் இதே புரட்டல் உண்டு. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று சொல்லிக் கைகழுவினவர்களை இயேசு மாற்கு 7-ல் கடிந்துகொண்டார். ஊழியம் என்ற பெயரில் மனைவியும் பிள்ளைகளும் வாடுவதைத் தியாகம் என்று மேடையில் சாட்சி சொல்லும்போது, அந்தத் தியாகத்தைச் செய்தது யார் என்று கேட்க வேண்டும். கொடுத்தவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர் என்றால் அது பலி ஆகாது. நம் பாவத்துக்கு நாமே விலை கொடுக்கிறோம் என்ற எண்ணத்தில் உடலை வருத்துவதும் வேண்டாம். கிறிஸ்துவின் ஒரே பலியினாலே அது முடிந்தது என்று எபிரெயர் 10 சொல்கிறது. நன்மை செய்வதும் தானதர்மம் பண்ணுவதும்தான் தேவன் பிரியப்படும் பலி என்று அதே நிருபம் 13:16-ல் வருகிறது.

கடைசியாக, அழுகையை அவசரப்பட்டு அடக்குவது. “ஸ்தோத்திரம் சொல்லுங்கள், துக்கப்படாதிருங்கள்” என்கிறோம். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவில் துதிக்குத் திரும்பும். 88-ம் சங்கீதம் திரும்பவில்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போனார்கள் என்ற முறையீட்டோடு அது நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் கேட்டால் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் வேண்டாம், கூடவே உட்கார்ந்திருங்கள்.