டிராக்டர் தடத்தை நம்பாதீர்கள்: மலையும் கடலும் சேர்ந்த கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. மதுரைத் தோழியின் மகள். திருமணமாகி மூன்று மாதம். கணவனும் மனைவியுமாக மூணாறிலிருந்து காரில் இறங்கி, வழியெல்லாம் நண்பர்கள் வீட்டில் தலைகாட்டிவிட்டு, அன்று இரவு ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

"சித்தி, கார் கொஞ்சம் மணலில் இறங்கிவிட்டது."

"கொஞ்சம் என்றால் எவ்வளவு?"

"கதவு திறக்கவில்லை."

எனக்கு வந்த எரிச்சலில் பாதி அவர்கள் மேல், பாதி என் மேலேயே. அவர்கள் சொன்ன கடற்கரைக்குச் சற்றுத் தள்ளித்தான் 2014-ல் நானும் ஒரு காரைப் புதைத்தேன்.

மூணாறு, போடி, மதுரை, ராமநாதபுரம், தனுஷ்கோடி என்று போகும் இந்தப் பாதையை நானும் என் கணவரும் மாறி மாறிப் பதினைந்து தடவையாவது ஓட்டியிருப்போம். எல்லா ஊரிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதனால் புதிதாகக் கிளம்பும் ஜோடிகளெல்லாம் எங்களிடம் வழி கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். ஸ்டெப்னியில் காற்று பாருங்கள், தூக்கம் வந்தால் நிறுத்துங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் பஸ்ஸில் வருவது நல்லது.

85 என்ற பலகையைப் பிடித்துக்கொண்டே வருவது

கொச்சியிலிருந்து தனுஷ்கோடி வரை ஒரு காலத்தில் ஒரே எண்: தேசிய நெடுஞ்சாலை 49. பெரியவர்கள் இன்னமும் அப்படித்தான் வழி சொல்வார்கள். இப்போது எண்கள் மாறிவிட்டன. மூணாறிலிருந்து உங்களோடு இறங்கிவரும் 85, மதுரையைத் தாண்டியதும் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய்விடும். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வருவது 87. பலகையை நம்பியே வந்த ஒரு ஜோடி, தொண்டிக் கடலைப் பார்த்துவிட்டு "பாம்பன் பாலம் எங்கே?" என்று எங்களிடம் கேட்டது. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால், கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினத்தைப் பார்த்துவிட்டே வரலாம். ஆனால் சோறு ஆறிவிடும்.

ஒரே நாளில் மலையும் கடலும்

மூணாறிலிருந்து ராமேஸ்வரம் 300 கிலோமீட்டருக்கு மேல். முடியும். மறுநாள் புகைப்படத்தைப் பார்த்துத்தான் எங்கே போனோம் என்று தெரிந்துகொள்வீர்கள். மதுரையில் படுங்கள்.

டிராக்டர் தடத்தில் காரை இறக்குவது

கீழக்கரையிலிருந்து சாயல்குடி போகும் சாலையில், இடது கைப் பக்கம் கடலுக்குப் பிரியும் சின்னத் தார்ச்சாலைகள் நிறைய உண்டு. இருபுறமும் சீமைக் கருவேலம், இடையிடையே பனை. கடைசியில் ஒரு மீனவர் குடியிருப்பு வரும். அதோடு தார் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் மணல். அந்த மணலில் அழுத்தமாக இரண்டு டயர் தடங்கள் நேராகத் தண்ணீர் வரைக்கும் போகும். நமக்காகவே யாரோ பாதை போட்டு வைத்ததுபோல் இருக்கும்.

அது வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிற டிராக்டரின் தடம். டிராக்டரின் பின் சக்கரம் ஏறக்குறைய ஆள் மார்பு உயரம். அதன் வயிறு தரையிலிருந்து நன்றாக மேலே நிற்கும். நம் சின்னக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. இழுவையும் முன் சக்கரம் இரண்டில் மட்டும்தான். டிராக்டரே போயிருக்கிறது, மணல் கெட்டிப்பட்டிருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அந்த டயர்ப் பற்கள் மணலை உழுது பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கும்.

2014 பிப்ரவரியில் இது எனக்குத் தெரியாது. நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். என் கணவர் இறங்கிப் போய்க் குதிகாலால் மணலை ஒரு மிதி மிதித்துவிட்டு, "கெட்டியாகத்தான் இருக்கிறது, வா" என்று கை காட்டினார். 68 கிலோ மனிதரின் குதிகாலை நம்பி ஒரு டன் காரை இறக்கினேன்.

முப்பது அடி போயிருப்போம். முன் சக்கரம் வெறுமனே சுற்றியது. கார் நகரவில்லை. ஒரு தவறு குட்டி போடத் தொடங்கும் இடம் இதுதான். "இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடு" என்றார். கொடுத்தேன். சுற்றச் சுற்றச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. பாதி கிளட்சில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினேன். பழைய துணியையும் நகத்தையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல் ஒரு நாற்றம் கிளம்பியது. கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் அது. ஒரு முறை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது. ஐந்தே நிமிடத்தில் காரின் வயிறு மணலில் படுத்துவிட்டது.

செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. சக்கரம் முதல் சுற்று வெறுமனே சுற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும். டயர்களில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படியும். சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, காய்ந்த பனையோலையையோ காருக்குள் கிடக்கும் கால்மிதியையோ சக்கரத்தடியில் செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். முன்னால் போய்த் திருப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பே கூடாது. தார்ச்சாலைக்கு வந்ததும் காற்று நிரப்பாமல் வேகமெடுக்கவும் கூடாது.

எங்களை இழுத்தது அந்த வள்ள டிராக்டர்தான். ஆளைத் தேடிப் பிடித்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. நீர் ஏறி, முன் சக்கரங்கள் பாதி நனைந்து நின்றன. இழுவைக் கொக்கி என்று ஒன்று டூல்ஸ் பையில் கிடக்கிறது, பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகி மாட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கயிற்றைக் கைக்கு எட்டிய இடத்தில் கட்டினோம். முதல் இழுப்பில் பின் பம்பர் மட்டும் கரையேறியது. டிராக்டர்காரர் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "மாதத்துக்கு இரண்டு கார் இழுக்கிறேன் தாயி" என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். பெரிய தவறு அன்று மாலை நடந்தது. வீட்டுக்கு வந்து, அழகாக, பொறுப்பாக, காரைக் கழுவினோம். போர்வெல் தண்ணீரில்.

எங்கள் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது. வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அதைத்தான் காரின் அடியில் பீய்ச்சினோம். கடலின் உப்பைக் கிணற்று உப்பால் கழுவினால் என்ன ஆகும்? தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. கடலோரக் காற்றில் எப்போதும் இருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் போல்ட், பிரேக், சைலன்ஸர் எல்லாம் இரவும் பகலும் அரிபட்டுக்கொண்டிருக்கும்.

கணக்கு பத்து மாதம் கழித்து வந்தது, அதுவும் மலையில். மூணாறு நண்பர் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போடிமெட்டு வழியாக இறங்கினோம். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே வரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது கியரில்தான் வந்தேன். பாதி வளைவுகள் தாண்டியதும் கார் இடது பக்கம் இழுத்தது. பிறகு அதே நாற்றம். நிறுத்திப் பார்த்தால் இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, அடுப்பு மாதிரி கொதிக்கிறது. வலது சக்கரம் சும்மா வெதுவெதுப்பாக இருந்தது. என் கணவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். ஆறவிட்டு ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து போடிக்கு வந்து சேர இரவாகிவிட்டது.

அங்கிருந்த நண்பர் அழைத்துப்போன மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றிக் கேலிப்பரைக் காட்டினார். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் பிரேக் பேடை அழுத்திவிட்டுத் திரும்பி விலக வேண்டிய பாகம் அது. அது நழுவி நகர வேண்டிய இரும்புக் கம்பி கருஞ்சிவப்புத் துருவில் இறுகிப்போயிருந்தது. சுத்தியால் தட்டியபோது அப்பளத்தைப்போல் அடுக்கடுக்காகத் துரு பெயர்ந்து விழுந்தது. பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்தபடியே மலையிலிருந்து இறங்கியிருக்கிறோம். அவர் ஒன்றுதான் கேட்டார்: "கடலுக்குள் இறக்கினீர்களா?"

கிளட்ச், பம்பர், கேலிப்பர் இரண்டு, டிஸ்க், பேட் எல்லாமாக 38,000 ரூபாய். கிளட்சுக்கும் துருவுக்கும் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. தேய்மானம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தனுஷ்கோடிச் சாலையில் போய்வந்தால்கூட, காரை நிறுத்திப் பிரேக் ஆறிய பிறகு, சக்கரங்களுக்குள்ளும் அடியிலும் நல்ல தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடி தெருவில் ஒரு சுற்று ஓட்டி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் நிறுத்துவோம். கண்ணாடியில் உப்புப் பொடி படிந்திருந்தால் வறட்டு வைப்பர் போட மாட்டோம். கோடு விழுந்துவிடும்.

தோழியின் மகளை அன்று மீட்டதும் ஒரு டிராக்டர்தான், வேறு ஆள். அந்தி நேரத்தில் கார் எங்கள் வாசலுக்கு வந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீரில் பிடித்துவைத்த இரண்டு டிரம் தண்ணீரை எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை பதறிப்போய், "குடிக்கிற தண்ணீரையா சித்தி?" என்று போர் குழாய்ப் பக்கம் போனார். "அதில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை" என்றேன். வைத்துப் பார்த்தார். பேசாமல் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லா வீட்டிலும் சாப்பிடுவதாக ஒப்புக்கொள்வது

பரமக்குடியில் பத்து மணிக்கு இட்லி, ராமநாதபுரத்தில் பன்னிரண்டுக்கு "கொஞ்சமாக" மீன் குழம்பு, கீழக்கரையில் இரண்டு மணிக்கு நெய்ச்சோறு. நாங்கள் ஒரு முறை இப்படித்தான் சொல்லிவிட்டு வந்தோம். கீழக்கரை நண்பரின் உம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறார். தட்டில் நாங்கள் விரலால் அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உப்பு கூடிவிட்டதோ?" என்று மட்டும் மகனிடம் மெல்லக் கேட்டார். அது எங்கள் காதில் விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு வீட்டில்தான் சாப்பாடு. மற்ற வீடுகளில் டீ. முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அன்று கோபப்படுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கீழக்கரைக்குள் நுழைவது

ஜும்ஆ தொழுகை நேரம். நண்பர் பள்ளிவாசலில் இருப்பார், நீங்கள் தெருவில் இருப்பீர்கள். இரண்டரைக்கு மேல் போங்கள்.

தடைக்காலத்தில் சீலா மீன் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன்தான் வரும். விலையும் ஏறிக் கிடக்கும். பாம்பன் நண்பரிடம் "சீலா உண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள். கடன் வாங்கியாவது வாங்கி வைத்துவிடுவார்.

பாம்பன் பாலத்தில் நிறுத்துவது

பின்னால் வரிசையாக பஸ்கள் நிற்கின்றன. போங்கள்.

மாலையில் தனுஷ்கோடிக்குக் கிளம்புவது

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, பொழுது சாய்வதைப் பார்க்கலாம் என்று நான்கரைக்கு மேல் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றத் தொடங்கிவிடுவார்கள். பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். காலையில் போங்கள். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் பெண் கடல் என்று சொல்லும் அமைதியான கடல் குளம்போல் கிடக்கும், மறுபக்கம் ஆண் கடல் என்று சொல்லும் கடல் அலையடித்துக்கொண்டிருக்கும். 1964 புயல் மிச்சம் வைத்த சுவர்களும் காலை வெயிலில்தான் நன்றாகத் தெரியும். காரைத் தாரிலேயே நிறுத்துங்கள்.

பவளத் துண்டு பொறுக்குவது

சட்டப்படி குற்றம். சங்கு மாலை கடையில் கிடைக்கும்.

தொதலை டிக்கியில் வைப்பது

கீழக்கரை நண்பர்கள் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். தொதல் என்பது அங்கத்திய இனிப்பு, முழுக்கத் தேங்காய்ப்பால். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் அது எண்ணெய் விடும். மூணாறு நண்பருக்கென்று எடுத்துப்போன ஒரு கிலோ தொதல், மதுரை தாண்டுவதற்குள் என் இரண்டு பட்டுப் புடவைகளுக்குள் இறங்கியிருந்தது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போடி போவதற்குள் பாதி தீர்ந்துவிடும், அதற்கு என்னிடம் வழியில்லை.