மாசத்துக்கு நாலு வாரமா? வீட்டுச் சாமான் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அக்கா மகள் பாளையங்கோட்டையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சாப்பாட்டுச் செலவு 9,000 என்று எழுதி, அதை நாலால் வகுத்து, வாரம் 2,250 என்று கட்டம் கட்டியிருந்தாள்.

"சரியா இருக்கா சித்தி?"

"எதுக்குட்டி நாலால வகுத்த?"

"மாசத்துக்கு நாலு வாரம்லா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 2003-இல் நானும் இதே கட்டத்தைத்தான் கட்டினேன். அதற்குப் பிறகு அறிந்தவர் தெரிந்தவர் எத்தனையோ பேர் இதையே கட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

சீட்டு எழுதாமல் கடைக்குப் போகக்கூடாது, பசியோடு போகக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் விழுவதை மட்டும் சொல்கிறேன்.

மாதத்தை நாலால் வகுப்பது

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 3,000 ரூபாய் தருவார். நாலால் வகுத்தால் 750. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 750-ஐ எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பையும் நிறையும், மனசும் நிறையும். மூன்று மாதம் தள்ளி ஒரு மாதக் கடைசியில் பார்த்தால் டப்பாவில் பருப்பு இல்லை, கையில் காசும் இல்லை. சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

நான்தான் ஊதாரித்தனம் செய்கிறேன் என்று நினைத்தேன். வெண்டைக்காயைக் கால் கிலோ குறைத்தேன். காலையில் காப்பிக்குப் போடும் சீனியைக் குறைத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். அப்படியும் அடிக்கடி கடைசி நாட்கள் இடித்தன. வேறு வழியில்லாமல் தெருமுனைப் பலசரக்குக் கடையில் பற்று வைத்தேன்.

அந்தப் பற்று நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீளவாக்கில் மடித்த சின்ன நோட்டு, மேல் அட்டையில் எண்ணெய்க் கறை. அண்ணாச்சி காதில் செருகிய பேனாவை எடுத்து "து.ப. அரை, ந.எ. கால், வத்தல் நூறு" என்று எழுதுவார். து.ப. என்றால் துவரம் பருப்பு, ந.எ. என்றால் நல்லெண்ணெய். எழுதும்போது விலையை வாயால் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். கடன் சொல்லிவிட்டு விலை எப்படிக் கேட்பது? ஒருநாள் பக்கத்தில் நின்ற அம்மா காசு கொடுத்துச் சீனி வாங்கினார். என் நோட்டில் எழுதியதைவிட அவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. இருவருக்கும் அதே மூட்டையில் இருந்துதான் அள்ளினார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதைவிட மோசம், வேறு கடையில் ஏதாவது வாங்கினால் பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்தெரு வழியாகச் சுற்றி வருவேன். அண்ணாச்சி பார்த்தால் என்ன நினைப்பார்! என் காசில் நான் வாங்கிய எண்ணெயைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துக் கொண்டுவந்த காலம் அது.

தீபாவளிக்கு முன்னால் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 2,600 சொச்சம். கிட்டத்தட்ட ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. போனஸ் வந்த அன்றே அதைக் கட்டினோம். அந்த வருஷம் எனக்குச் சேலை இல்லை.

காரணம் பிடிபட்டது தை மாதத்தில். பிடித்துக் கொடுத்ததும் அதே கடையில் கொடுத்த காலண்டர்தான். விசேஷ நாட்களைப் பார்க்கலாம் என்று புரட்டியவள், எதற்கோ ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினேன். வருஷத்துக்கு 52. நாலு நாலாகப் பன்னிரண்டு மாதம் என்றால் 48தான் வர வேண்டும். மீதி நாலு ஞாயிறு எங்கே? ஐந்து ஞாயிறு வரும் மாதங்களில் ஒளிந்திருந்தன. நான் வருஷத்துக்கு 52 தடவை 750 ரூபாயோடு கடைக்குப் போயிருக்கிறேன். 39,000. அவர் கொடுத்தது 36,000. இடையில் நின்ற 3,000 ரூபாய்தான் பற்று நோட்டு. ஊதாரித்தனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வகுத்தல் தப்பு. ஒரு வருஷம் அந்த மனுஷன் சீனி குறைந்த காப்பி குடித்தது சும்மா.

இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கடைக்காரர் மேல் இல்லை, என் மேல்தான்.

சரி, எப்படி வகுப்பது? மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும். அக்கா மகள் கணக்குக்கு 9,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,08,000. அதை 52-ஆல் வகுத்தால் 2,076 ரூபாய் சொச்சம். 2,075 என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுதியதைவிட வாரத்துக்கு 175 குறைவு.

இங்கேதான் பாதிப்பேர் மறுபடியும் சறுக்குவார்கள். நாலு ஞாயிறு வரும் மாதத்தில் 8,300-தான் செலவாகும். 700 ரூபாய் கையில் நிற்கும். மிச்சம் பிடித்துவிட்டோம் என்று அதைக் கொண்டுபோய் ஜவுளிக் கடையில் விடக்கூடாது. அது மிச்சமே இல்லை, பின்னால் வரும் ஐந்தாவது ஞாயிற்றின் காசு. ஐந்து ஞாயிறு வரும் மாதத்துக்கு 10,375 வேண்டும், கைக்கு வருவது 9,000, குறைவது 1,375. முந்தைய இரண்டு மாதத்து 700-களைச் சேர்த்தால் 1,400. கச்சிதமாக அடையும். அந்த 700-ஐ நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, எள்ளு டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தனி அக்கவுண்டில் போடுகிறார்கள். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், கண்ணில் படாமல் இருந்தால் போதும். தொடங்கும் மாதமே ஐந்து ஞாயிறு மாதமாக இருந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் ஒன்பதாயிரத்தை ஐந்தால் வகுத்துச் சமாளியுங்கள்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இந்தத் தவறைச் செய்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கூலியே வாரக் கூலி, அதனால் கணக்கும் வாரக் கணக்கு. அவர்களுக்கு இடிப்பது வீட்டு வாடகையிலும் கேஸ் சிலிண்டரிலும். மாதச் சம்பளக்காரர்கள்தான் நாலு நாலு என்று போய் விழுகிறோம்.

நயினார்குளத்தில் பெட்டியோடு வாங்குவது

திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் தக்காளி மலிவு என்று ஒருநாள் பெட்டியோடு வாங்கினேன். வீட்டில் நாங்கள் நாலு பேர். கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்ற கணக்கு ஆட்டோவில் ஏறும்போதே பாதி கரைந்தது. மூன்றாம் நாள் அடியில் இருந்த பழங்கள் கசிய ஆரம்பித்தன. விட மனசில்லாமல் தொக்கு கிண்டினேன். அதற்கு நல்லெண்ணெய் அரை லிட்டர், கேஸ் ஒன்றரை மணி நேரம். அந்தத் தொக்கைத்தான் இரண்டு வாரம் எல்லாருக்கும் வைத்தேன். இன்றைக்கும் என் மகன் தக்காளித் தொக்கு என்றால் தட்டைத் தள்ளுவான்.

மொத்தமாக வாங்க நினைத்தால் தாங்குகிற காயாக வாங்குங்கள். பல்லாரி என்கிற பெரிய வெங்காயம், உருளை, சேனை, வெட்டாத தடியங்காய் (வெண்பூசணி). சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), வெண்டை, கீரை எல்லாம் இரண்டு நாள் சரக்கு. எனக்கு மகாராஜநகர் உழவர் சந்தையே போதும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். முதலில் விலைப்பலகையை வாசித்துவிட்டு அப்புறம் கடைகளைப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேரம் பேசுகிறார்கள்.

தேங்காயைக் கணக்கில் சேர்க்காதது

நம் பக்கத்து வீடுகளில் தேங்காயை யாரும் ஒரு செலவாக நினைப்பதில்லை. உப்பு மாதிரி அது பாட்டுக்கு வரும், போகும். ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். காலைச் சட்னிக்கு நாலு நாள், ஆளுக்கு ஒரு கரண்டி என்று வைத்தாலும் இரண்டு காய். அவியலுக்கும் கூட்டுக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தால் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று அது மட்டும் இரண்டு காயை விழுங்கும். ஆக ஐந்து. சீட்டில் நான் எழுதியிருந்தது இரண்டு. 2025-இல் தேங்காய் விலை ஏறு ஏறென்று ஏறியபோதுதான் இந்த மூன்று காய் என் கண்ணைக் குத்தியது.

சொதியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. மறுவீட்டுச் சாப்பாட்டில் சாப்பிட்டுப் பழகிய நாக்கு அது. மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டேன். சட்னியில் இரண்டு நாளைப் பொரிகடலைக்கும் எள்ளுத் துவையலுக்கும் கொடுத்துவிட்டேன். எடை போட்டு விற்கும் கடையில் குடுமியைக் கூட்டி வைத்திருந்தால் பிய்த்துப் போடச் சொல்லிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். நார் எடைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

மூட்டை விலையைப் பார்ப்பது

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26. மூட்டைக்கு 30 ரூபாய் குறைவு என்று 25 கிலோவை வாங்கி வந்தால் ஒரு கிலோ அரிசியை விட்டுவிட்டு வருகிறோம். மூட்டையில் போட்டிருக்கும் எடையால் விலையை வகுத்த பிறகு வாயைத் திறங்கள்.

எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். செக்கில் கிலோ கணக்கு, பாக்கெட்டில் லிட்டர் கணக்கு. இரண்டையும் அப்படியே வைத்து ஒப்பிட்டுவிட்டு, செக்கெண்ணெய் இவ்வளவு கூடுதலா என்று திகைக்கக் கூடாது. இப்போது லிட்டர் பாக்கெட் அளவிலேயே 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் தொங்குகின்றன. அலமாரியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ரேஷன் கடைக்குப் போகக் கூச்சப்படுவது

துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வேகத் தாமதமானால் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். கூச்சத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

அல்வா

சென்னைக்குப் போகும்போது வாங்கும் இரண்டு கிலோ, சாப்பாட்டுச் செலவு அல்ல. வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லா வாரமும் ஒன்று என்று நினைப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் மீன்பிடித் தடை. 61 நாள் விசைப்படகு போகாது. தூத்துக்குடிச் சரக்கு குறைந்தால் இங்கே கூடைக்காரம்மா சொல்லும் விலையே வேறு. மார்ச் மாதம் கொடுத்த அதே காசுக்கு மே மாதத்தில் அதே சீலா கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால், பேரம் பேசியே தொண்டை வறண்டுவிடும். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் குளத்து மீன், முட்டை, கருவாடு. புரட்டாசியில் கறி மீன் கிடையாது. அந்த நாலைந்து வாரம் மிஞ்சுவதை அப்படியே தீபாவளிப் பலகாரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

பொங்கல் வாரத்தை மற்ற வாரங்களோடு சேர்க்கவே கூடாது. சிறுகிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சக்குலை, கரும்பு, கட்டிக்கொடுத்த பிள்ளைக்குப் பொங்கல் சீராகப் பொங்கப்படி. 2,075 ரூபாய் சிறுகிழங்குக்கும் கரும்புக்குமே காணாது. இதை அக்கா மகளிடம் சொன்னபோது, "எங்க அம்மா எனக்குப் படி தருவாவல்லா, எனக்கென்ன செலவு?" என்றாள். தருவாள்தான். அந்தச் செலவு எங்கள் அக்கா நோட்டில் ஏறும்.

ஒருத்தி மட்டும் கணக்கு எழுதுவது

நான் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் சாயங்காலம் அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார். மிக்சர், காராச்சேவு, மழை பெய்தால் பஜ்ஜி. பிள்ளைகள் ஆசைப்பட்டால் ராத்திரி புரோட்டா. இது எதுவும் என் நோட்டில் இருக்காது. கேட்டால், "என் பையில இருந்துலா குடுத்தேன்" என்பார். பை யாருடையதாக இருந்தால் என்ன, வயிறு ஒன்றுதானே?

சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. நோட்டை ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்து, நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டு, வாங்கியதை அவரவரே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா மகளுக்கும் இதைத்தான் சொன்னேன், முதல் வாரமே மாப்பிள்ளை கையில் பேனாவைக் கொடுத்துவிடு என்று. எங்கள் வீட்டில் இப்போது ஒழுங்காக எழுதுகிறார். போன வாரப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் "இதர 180" என்று இருந்தது.

"இதரன்னா என்னங்க?"

பேப்பரை மடிக்காமலே சொன்னார், "இதரன்னா இதரதான்."