பக்கத்துக் காணிக்காரரோட ஒத்துவராத இடத்தில மான் கூட்டம் வந்தா: எங்கட ஆக்கள் விடுற பிழைகள்

வேலை கொழும்பில, பிளாட் வெள்ளவத்தையில, காணி மட்டும் குச்சவெளிப் பக்கமோ வன்னியிலயோ, இப்பிடி இருக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள நிறையப் பேர். கச்சானோ பயறோ தென்னம்பிள்ளையோ ஏதோ ஒண்டு நிக்கும், பாக்கிறதுக்கு ஒராள் இருப்பார், கோடையில காடு காஞ்சு குளம் வத்திச்செண்டா தண்ணி இறைக்கிற காணி மட்டும்தான் பச்சையாத் தெரியும், அப்ப புள்ளிமான் கூட்டம் இறங்கும், உங்களுக்கு போன் வரும். மானைக்கூட சமாளிக்கலாம். பக்கத்துக் காணிக்காரர் ஒருத்தர் பழத்தோல் போட்டு வளர்க்கிறார், மற்றவர் கம்பி கட்டுறார், மூண்டாமவர் ஒண்டும் கதைக்காம இரவில வேற வேலை பாக்கிறார், அதுதான் உண்மையான தலையிடி.

சண்டை அநேகமா எண்ணிக்கையிலதான் தொடங்கும். நீங்க இருபது மான் எண்டுவீங்க, வடக்குப் பக்கத்தார் இருபத்தஞ்சு எண்டுவார், றோட்டுப் பக்கத்தார் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார், எல்லாத்தையும் சேர்த்து "எழுபது மான் நிக்குது" எண்டு கதை கொழும்புக்கு வந்து சேரும். அது ஒரே கூட்டம். பின்னேரம் ஒருத்தற்ற காணியில மேஞ்சு விடியக்காலமை இன்னொருத்தற்ற காணியால போகும். 2025 மார்ச் 15 காலமை 8 மணிக்கு அரசாங்கம் நாடு முழுக்க 5 நிமிஷம் குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணச் சொன்னது ஞாபகம் இருக்கும், எவ்வளவு பகிடி விட்டம், அதில மான் இருக்கவும் இல்ல, ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில எண்ணோணும் எண்ட அந்த யோசனை சரியானதுதான், நடமாடுற மிருகத்தை ரெண்டு தரம் எண்ணாம இருக்க அதுதான் லேசான வழி. மூண்டு காணிக்காரரும் ஒரே பின்னேரம், ஒரே மணிக்கு, கொம்பு வைச்சது எத்தனை குட்டி எத்தனை எண்டு எழுதி வட்ஸ்அப்பில போடுங்கோ. கன கதை அங்கயே அடங்கும்.

அடுத்தது வெளிநாட்டு அட்வைஸ். கனடாவில இருக்கிற மச்சான் "சீசனுக்கு லைசன்ஸ் எடுத்து ரெண்டைச் சுடுங்கோவன்" எண்டுவார். அவற்ற ஊருக்கு அது சரி. டெக்ஸஸில இதே புள்ளிமான் இனத்தை 1932இல கொண்டுபோய் விட்டு, அது பெருகி, இப்ப காணிக்காரர் வேட்டைக்கு ஆள் விட்டுக் காசு உழைக்கினம், அதால யூடியூப்பில மானைப் பற்றித் தேடினா துவக்கோட நிக்கிற ஆக்கள்தான் முதல்ல வருவினம். இங்க 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு. உறுதிக் காணிக்குள்ள நிண்டாலும் மான் உங்கட சொத்து இல்ல. சுடுறது, கண்ணி வைக்கிறது, குட்டியைப் பிடிச்சு வளர்க்கிறது, இறைச்சி வாங்கிறது எல்லாம் குற்றம். பெருநாளுக்கு ஊரால வாற ஆள் கூல் பொக்ஸுக்குள்ள மான் வத்தல் கொண்டந்து தந்தா சந்தோஷமா வாங்கி பிரிஜ்ஜில வைக்கிற கொழும்பு வீடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

சாப்பாடு போடுறதைப் பற்றிக் கதைச்சா கனபேருக்குக் கோவம் வரும், பரவாயில்ல. திருகோணமலை டவுனுக்குப் போனவைக்குத் தெரியும், கோட்டைக்குள்ள, கோணேசர் கோயிலுக்குப் போற வழியில மான் கையில இருந்தே வாங்கித் தின்னும், பிள்ளையள் போட்டோ எடுப்பினம், வடிவாத்தான் இருக்கும். ஆனா மான் மாட்டைப்போல அசைபோடுற மிருகம். புல்லு, இலை செமிக்கிறதுக்குத்தான் அதின்ர வயித்துக்குள்ள கிருமிகள் பழகியிருக்கு. பாண், சோறு, அரிசி எண்டு திடீரெண்டு கனக்கப் போட்டா வயித்துக்குள்ள அமிலம் கூடி, வீங்கி, விழுந்துபோகும். பாணோட சேர்த்து பையையும் தின்னும், அந்தப் பொலித்தீன் செமிக்கவும் மாட்டாது, லேசில வெளியில வரவும் மாட்டாது, உள்ளுக்கு உருண்டையாக் கிடந்து அடைக்கும், பிறகு வயிறு நிறைஞ்சபடியே பட்டினியில சாகும்.

சரி, அது மானுக்கு. பக்கத்தாருக்கு என்ன நடக்குது? நீங்க பின்னேரம் வாழைப்பழத்தோல் போட்டு கூட்டத்தை வரப்பண்ணுறீங்க, அது உங்கட தோலைத் தின்டுட்டு இரவு முழுக்க அவற்ற பயறுக்குள்ள நிக்கும். புண்ணியம் உங்களுக்கு, கடன் அவருக்கு. கோடையில தண்ணி வைக்கிறதெண்டா கூட இதே கணக்குத்தான், எல்லையில வைக்காம காட்டுப் பக்கமா, எல்லாரும் ஓமெண்ட இடத்தில வைக்கோணும், இல்லாட்டி வைக்காம விடுறது நல்லம்.

வேலியில காசு கரைச்ச ஆக்கள் கனபேர். நாலு இழை முள்ளுக்கம்பி இழுத்துப்போட்டு மான் வராது எண்டு கொழும்பில நிம்மதியா இருப்பினம். புள்ளிமான் ஒண்டரை மீற்றர் வேலியைப் பாய்ஞ்சு தாண்டும், ஆனா ஏலுமெண்டா பாயாது, கீழால பூந்துதான் போகும். எல்லாரும் வேலியை உயர்த்திக்கொண்டே போகினம், ஓட்டை அடியில கிடக்குது. அடிக்கம்பியை நிலத்தோட ஒட்டி, அதுக்கு மேல வலையோ கிடுகோ கட்டி அங்கால பக்கம் தெரியாம மறைச்சா, பாயவும் யோசிக்கும். முழுக் காணியையும் அடைக்கிறதும் பிழை, நீங்க அடைச்சா அவ்வளவும் அடுத்த காணிக்குள்ளயும் றோட்டிலயும்தான் போய் நிக்கும், அடுத்த வருஷம் அவர் அடைப்பார், பிறகு உங்கட வேலியை உடைச்சுக்கொண்டு வரும். பயிர் நிக்கிற துண்டை மட்டும் நல்லா அடையுங்கோ, தென்னம்பிள்ளைக்குத் தனித்தனியாக் கூடு கட்டுங்கோ, எல்லை வழியா ரெண்டு பக்கத்தாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு ஒரு பாதை குடுங்கோ. காணி விடுறதெண்டா எங்கட ஆக்களுக்கு உயிர் போகும், தெரியும். ஆனா வருஷா வருஷம் வேலி திருத்திற செலவைப் பாத்தா அது லாபம்.

மின்சார வேலியில ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். முறையான மெஷின் விட்டுவிட்டு ஒரு கணம் மட்டும் அடிக்கும், பயம் காட்டும், கொல்லாது. வீட்டு லைனில இருந்து 230 வோல்ட்டை நேர கம்பிக்குக் குடுக்கிறது கொலை. அதில சாகிறது மான் மட்டுமில்ல, விடியப் பொறுக்க மாடு தேடிப் போற மனுசனும்தான். கட்டுத்துவக்கு (கம்பியில தட்டுப்பட்டா தானா வெடிக்கிற துவக்கு), பன்றிவெடி (தீனுக்குள்ள மறைச்சு வைக்கிற வெடி), சுருக்குக் கம்பி எல்லாம் இதே சாதி. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொண்டில கருஞ்சிறுத்தை சுருக்கில மாட்டி, மருந்து கட்டியும் தப்பேல்ல, செத்துப்போச்சு, அந்தக் கம்பியை சிறுத்தைக்கெண்டு ஒருத்தரும் வைக்கேல்ல. "பண்டிக்குத்தான் வைச்சது ஐயா" எண்டு உங்கட ஆள் போனில சொன்னா, அண்டைக்கே கழட்டச் சொல்லுங்கோ. காணி உங்கட பேரில.

நாயை விட்டுக் கலைக்கிறது, வலை போட்டுப் பிடிச்சு காட்டில கொண்டுபோய் விடுறது ரெண்டும் வேண்டாம். மான் பயத்தில ஓடி ஓடியே தசை பழுதாகிச் செத்துப்போற மிருகம், காயமே இருக்காது. புல்லுக்குள்ள தனியாக் குட்டி கிடந்தா தாய் விட்டிட்டுப் போட்டுது எண்டு தூக்காதேங்கோ, மேயப் போயிருக்கும், பால் குடுக்க வரும். கட்டில்லாத கிணத்துக்குச் சுத்திவரக் கட்டு கட்டுங்கோ, அதுக்கு ஒருத்தற்ற சம்மதமும் தேவையில்ல.

இனி, கூட்டம் கூடிக் கதைக்கிறது. கொழும்பில இருக்கிற மூண்டு சொந்தக்காரரும் சண்டே ஒருத்தற்ற வீட்டில டீ குடிச்சுக்கொண்டு முடிவெடுப்பினம். அங்க குத்தகைக்குச் செய்யிறவர் இல்ல, காணி பாக்கிறவர் இல்ல, இரவில டோர்ச் லைட்டோட நிக்கிறது அவை. அவையைக் கேக்காத முடிவு வவுனியா தாண்டாது. "மான் வேணுமா வேண்டாமா" எண்டு தொடங்கினாலும் முடியாது, ஒருத்தர் உயிர் பாவம் எண்டுவார், மற்றவர் பாங்க் லோன் எண்டுவார், ரெண்டும் உண்மை. எந்தத் துண்டு, எந்த மாசம், எவ்வளவு போச்சு, போட்டோ இருக்கா எண்டு கேளுங்கோ. நட்டம் முழுக்க ஒரே ஆளின்ர ஒரு துண்டிலதான் எண்டு தெரிஞ்சா, மற்ற ரெண்டு பேரும் அவற்ற வலைக்குக் காசு போடுறது, மானைப் பற்றி அஞ்சு வருஷம் வாதாடுறதை விட மலிவு.

அப்பிடியும் வேலி, எல்லை எண்டு இழுபட்டா நேர வக்கீலிட்ட ஓடாம இணக்கசபைக்குப் போங்கோ, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில வந்த சபை, இப்பிடியான அயல் சண்டைக்கெண்டே இருக்கிறது. கண்ணி, துவக்கு விஷயம் அங்க போறதில்ல, அதுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர 1992 எண்ட நம்பருக்கு போன் எடுங்கோ. பத்தரமுல்லை ஹெட் ஒபிஸில போய் வரிசையில நிண்டு நாளைக் கழிக்காதேங்கோ, காணி இருக்கிற இடத்துக்குக் கிட்ட உள்ள ஒபிஸுக்கு உங்கட ஆளையும் பக்கத்தாரையும் ஒண்டாப் போகச் சொல்லுங்கோ, எண்ணி எழுதின பேப்பரையும் கையில குடுத்து விடுங்கோ.