கல்யாண டிவிடியைச் சிறிய தட்டில் அடக்கும்போது படம் கலங்காமல் இருக்க

கல்யாணம், சடங்கு, பத்துமலைக் காவடி என்று வீட்டு அலமாரியில் இருக்கும் டிவிடிகளில் சில, 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டுகள். உறவுக்காரருக்குப் படி எடுக்க நம் கையில் இருப்பதோ 4.7 ஜிபி ஒற்றை அடுக்குத் தட்டு. சுருக்கும் மென்பொருளில் போட்டு ஒரே பொத்தானில் வேலையை முடித்தால், அக்கினிப் புகையும் மயிலிறகும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். படத்தில் கை வைப்பதற்கு முன் ஒலியைப் பாருங்கள்.

உள்ளூர் வீடியோக்காரர்கள் எழுதிய தட்டுகளில் ஒலி பல நேரம் சுருக்கப்படாத பிசிஎம் ஆகவே இருக்கும். அது வினாடிக்கு 1,536 கிலோபிட் தின்னும். 150 நிமிடக் கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படம் வினாடிக்கு 5 மெகாபிட், ஒலி பிசிஎம். மொத்தம் 7.35 ஜிபி, அதில் ஒலி மட்டும் 1.73 ஜிபி. இதை அப்படியே 4.5 ஜிபிக்கு இறக்கினால் படத்துக்கு மிஞ்சுவது பழைய அளவில் 49 விழுக்காடுதான். ஒலியை 192 கிலோபிட் ஏசி3 (டிவிடி பிளேயர்களுக்குத் தெரிந்த சுருக்கிய ஒலி வடிவம்) ஆக மாற்றினால் அது 0.22 ஜிபிக்கு வந்துவிடும். படத்துக்கு 76 விழுக்காடு கிடைக்கும். நாதஸ்வரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. படத்திலோ, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதலில் தட்டிலுள்ள விடியோ_டிஎஸ் (VIDEO_TS) அடைவை முழுதாக வன்தட்டில் நகலெடுங்கள். பிஜிசிடீமக்ஸ் (PgcDemux) என்ற மென்பொருள் கொண்டு படத்தையும் ஒலியையும் பிரித்து, எஃப்எஃப்எம்பெக்கில் (FFmpeg) ஒலியை மட்டும் ஏசி3 ஆக்கி, மக்ஸ்மேனில் (MuxMan) மறுபடி சேருங்கள். படம் ஒரு பிட் கூட மாறாது. பழைய பட்டிப் (மெனு) பக்கம் போய்விடும், போகட்டும்.

அடுத்து சுருக்கும் மென்பொருளான டிவிடி ஷ்ரிங்கைத் (DVD Shrink) திறந்து, 'ரீ-ஆதர்' முறையில் வேண்டிய பகுதிகளை மட்டும் இழுத்துப் போடுங்கள். ஸ்டூடியோ விளம்பரமும் அதே படங்கள் திரும்ப வரும் ஆல்பக் காட்சியும் தேவையில்லை. இலக்கு அளவை நீங்களே 4,300 எம்பி என்று வையுங்கள். கணினி எண்ணும் முறையில் 4.7 ஜிபி தட்டின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 4,480 எம்பி; 4,300 எம்பி என்பது மேலே சொன்ன 4.5 ஜிபி. ஆனால் மலிவான தட்டுகளில் பிழை கூடுவது வெளி ஓரத்தில்தான், அதனால் அங்கே எழுதாமல் விடுவது நல்லது. 'டீப் அனாலிசிஸ்' பெட்டியைக் கட்டாயம் குறியிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் தேவை என்று அளந்து பங்கிடும்.

ஏன் கலங்குகிறது? இந்த மென்பொருள் படத்தை முழுதாக அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதில்லை. நுண்விவரத்தைச் சொல்லும் எண்களைக் கத்தரித்துவிடுகிறது. டிவிடியின் சுருக்க முறையான எம்பெக்-2 படத்தில் ஒரு முழுச் சட்டம் (ஃபிரேம்), அதன் பின் அதைச் சார்ந்த சட்டங்கள் என்று ஒரு கூட்டமாக வரும். முதல் சட்டத்தில் விழுந்த பிழை பின்னால் வருபவற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த முழுச் சட்டம் வந்ததும் சட்டென்று தெளியும். வினாடிக்கு 25 சட்டம் ஓடும் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 12 முதல் 15 சட்டத்துக்கு ஒரு முறை இது நடப்பதால், அரை வினாடிக்கு ஒருமுறை படம் மூச்சு விடுவதுபோல் துடிக்கும். பத்துமலையின் 272 படியில் காவடியைத் தொடரும் கைக்கேமராக் காட்சிதான் இதில் முதலில் மாட்டும். மணமேடையில் நிற்கும் குடும்பப் படத்தில் ஒன்றும் தெரியாது. இந்தப் பிழையை ஈடுகட்டும் 'ஏஇசி' (AEC) அமைப்பை 'ஸ்மூத்' என்று மாற்றினால் துடிப்பு அடங்கும், ஆனால் பட்டுச் சேலையின் சரிகை சற்று மழுங்கும்.

படத்துக்கு ஷ்ரிங்க் காட்டும் சுருக்க விகிதம் 75 விழுக்காட்டுக்கு மேல் என்றால் கவலையில்லை. 65க்குக் கீழ் போனால் இந்த வழியை விட்டுவிட்டு, எச்சிஎன்க் (HCenc) போன்ற குறியாக்கியில் இரண்டு சுற்று (முதல் சுற்றில் அளந்து, இரண்டாவதில் எழுதும்) மாறும் பிட்வீதத்தில் படத்தை முழுதாகத் திரும்பக் கட்டுங்கள். பிட்வீதம், அதாவது வினாடிக்குச் செலவாகும் பிட், கணக்கிடுவது எளிது: 4.5 ஜிபி என்பது 36,000 மெகாபிட்; அதை வினாடிகளால் வகுத்து, ஒலிக்கும் கோப்பின் இடைச்சுமைக்கும் 0.3 கழியுங்கள். 150 நிமிடத்துக்கு 3.7 மெகாபிட் வரும். இங்கே பலர் சறுக்குவது புல வரிசையில், அதாவது ஒரு சட்டத்தின் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளால் ஆன இரு பாதிகளில் எது முதலில் என்பதில். டிஜிட்டல் வீடியோ நாடா (DV) கேமராவில் கீழ்ப்புலம் முதலில். வேறு பல மூலங்களில் மேற்புலம் முதலில். மூலத்தில் உள்ளதை மாற்றாதீர்கள். மாற்றினால் நகரும் எதுவும் முன்னும் பின்னும் வெட்டி வெட்டிப் போகும். மூன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் 352×576 அளவுக்கு இறங்குங்கள். அதுவும் டிவிடி தரத்துக்கு உட்பட்டதே. பிட் போதாமல் பட்டினி போட்ட 720×576ஐவிட அது கண்ணுக்கு இதம். அதைவிடவும் நல்லது, தாலி கட்டுவது வரை ஒன்று, விருந்து ஒன்று என இரண்டு தட்டாகப் பிரிப்பது. ஒரு தட்டின் விலைக்குத் தரத்தைப் பலி கொடுப்பானேன்?

தட்டில் எழுதுவதற்கு இம்க்பர்ன் (ImgBurn) மென்பொருள். 16 மடங்குத் தட்டானாலும் 8 மடங்கு வேகமே போதும், 'வெரிஃபை' குறியை எடுக்காதீர்கள். காகித ஒட்டி ஒட்டினால் தட்டு சமன் குலைந்து ஆடும். எண்ணெய் கலக்காத மார்க்கரால் எழுதுங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா வேண்டும். சோதிக்கும்போது கணினியை நம்பாமல் வீட்டு டிவியில், பழைய பிளேயரில், புகை வரும் காட்சியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.