சிப்பாயின் மனைவியாக வாழ்ந்த அம்மாவின் கதையை எழுதி வைப்பது எப்படி

தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் அம்மாவின் வாழ்க்கையை நாலு பக்கமாவது எழுதிக் கொடுக்க நினைக்கும் ரங்கூன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். என் அப்பா நேதாஜி படையில் இருந்தவர். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பேச்சு இம்பால் சண்டைக்குப் போய்விடும்; அம்மா சோறு போட்டவளாக மட்டும் மிஞ்சுவாள். அப்படி விடவே கூடாது. ஒரு நோட்டில் இடப்பக்கம் அப்பா எந்த மாதம் எங்கே இருந்தார் என்று எழுதுங்கள். வலப்பக்கம் அதே மாதம் அம்மா எங்கே இருந்தாள், எதை விற்றுச் சாப்பிட்டாள், துணைக்கு யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் எங்கெல்லாம் காலியோ அங்கெல்லாம் யாரையாவது போய்க் கேட்க வேண்டும்.

பெரியவர்களிடம் தேதி கேட்டால் பதில் வராது. "குண்டு போட்டப்போ எங்க இருந்தீங்க சின்னம்மா?" என்று கேளுங்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நேதாஜி தலைமையிடத்தை இங்கே மாற்றியது 1944 ஜனவரி. வெள்ளைக்காரன் திரும்பி வந்தது 1945 மே. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதும் 1964. இவற்றுக்கு முன்னா, பின்னா என்று கேட்டாலே பாதி வரிசை கிடைத்துவிடும். அப்படிக் கேட்டபோதுதான் என் சின்னம்மா சொன்னார்: "இம்பால் சண்டையப்போ உங்க அண்ணன் வயித்துல இருந்தான். உங்கம்மா ஆத்தங்கரையில கீரை பறிச்சு வித்தா. கடுதாசி ஒண்ணும் வரல." அதை அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதினேன். நீங்களும் திருத்தாதீர்கள்.

பிறந்த வருஷம் பர்மிய ஆண்டில் இருந்தால் 638 கூட்டுங்கள். ஜனவரி தொடங்கி ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா வரை பிறந்தவர்களுக்கு 639. அடையாள அட்டையில் உள்ள பர்மியப் பெயர், வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் இரண்டும் முதல் வரியிலேயே வரட்டும். இல்லையென்றால் நாளைக்குப் பேரன் கையில் கிடைக்கும் காகிதம் யாருடையது என்றே தெரியாது.

பெட்டியில் இருப்பதைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். அம்மாவின் தகரப் பெட்டியில் ஜப்பான்காரன் அடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. பர்மாவுக்கென்று அடித்ததால் அதில் 'பி' எழுத்து இருக்கும். சண்டை முடிந்ததும் அந்தப் பணம் வெறும் தாளாகிவிட்டது. அம்மா அதன் ஓரத்து வெள்ளையில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறாள். அரைப்படி, அரைப்படி, ஒரு நாள் 'இல்லை'. அந்த 'இல்லை'யைப் பெரிதாக்கி அச்சடித்தேன்.

அப்பா பக்கத்துத் தாள்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து போரில் இறந்து, கல்லறை தெரியாதவர் என்றால் ரங்கூனுக்கு வெளியே இருக்கும் தவுக்கியான் போர்க் கல்லறையின் தூண்களில் பெயரைத் தேடலாம்; ஏறக்குறைய 27,000 பெயர்கள் அங்கே பொறித்திருக்கிறார்கள். நேதாஜி படைக்காரர்களை அங்கே தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டுக்குப் போய்விட்ட சொந்தக்காரர்கள் யாராவது 1972-க்குப் பிறகு தியாகி பென்ஷனுக்கு மனு போட்டிருந்தால் அந்த நகலைக் கேளுங்கள். படைப்பிரிவும் தேதியும் அதில் இருக்கலாம்.

சண்டைக்குப் பிறகு அம்மா வாழ்ந்த காலத்தை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். ராத்திரியில் திடுக்கிட்டு எழும் மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் அவள். ராத்திரி அவருக்கு என்ன செய்து கொடுப்பாள், பிள்ளைகளை எந்தப் பக்கம் படுக்கவைப்பாள் என்பதெல்லாம் அக்கா தங்கைகளுக்குத்தான் தெரியும். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் எதிர்ப்பக்கத்தில் பர்மியத்திலும் அச்சடியுங்கள். திதிக்கு ஒரு மாதம் முன்பே வைபரில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். உறவுமுறையில் பிழை இருந்தால் சென்னையில் இருக்கும் அத்தை அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.